வட்டத்தின் கணக்கைக் கண்ட ஹைகன்ஸ்

ரயில்வேயில் பணிபுரிவோர்க்குக் கடிகாரம் என்பது சுவரில் தொங்கும் அலங்காரப் பொருள் அன்று. வண்டி புறப்பட்ட நிமிடமும், வந்து சேர்ந்த நிமிடமும், இடையில் தாமதித்த நிமிடமும் ஏட்டில் ஏறியாக வேண்டும். ஆயினும், இவ்வாறு நிமிடத்தை நம்பி நடத்தும் வாழ்வு மனித குலத்திற்கு மிகப் பழையது அன்று. 1656-ஆம் ஆண்டுக்கு முன்னர் நல்ல கடிகாரங்கள் என்று பெயர் பெற்றவையும் நாளொன்றுக்குக் கால் மணி நேரம் வரை முந்தியோ பிந்தியோ ஓடின. அப்பிழையை ஒரு நிமிடத்திற்குள் அடக்கிக் காட்டியவர் ஹாலந்து தேசத்துக் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் என்னும் அறிஞர்.

அவரே, வட்டப் பாதையில் ஒரே வேகத்தில் சுற்றும் பொருள் மையத்தை நோக்கி எவ்வளவு திருப்பப்படுகிறது என்பதற்கும் முதன்முதலாகச் சரியான கணக்கை உலகுக்கு வெளியிட்டவர். நியூட்டன், கலிலியோ என்னும் பெயர்களைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். இவ்விருவருக்கும் இடையே நின்று, ஒருவர் விட்ட பணியைத் தொடர்ந்து மற்றவருக்கு வழி அமைத்த ஹைகன்ஸின் பெயரை நம்மவருள் அறிந்தார் சிலரே. ஆதலின் அப்பெரியாரின் வரலாற்றை இவ்வாண்டு மலரின் வாயிலாக அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறேன். கணக்கு என்றதும் ஏட்டை மூடிவிடும் அன்பர்கள் அஞ்ச வேண்டா. பெருக்கலும் வகுத்தலும் அறிந்தார்க்கு விளங்காதது இதில் ஒன்றும் இல்லை.

பிறப்பும் வளர்ப்பும்

கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1629-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் ஹேக் நகரில் பிறந்தார். தந்தையார் கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸ் கவிஞர், இசை வல்லவர், பன்மொழிப் புலவர், ஆரஞ்சு வமிசத்து இளவரசர்களின் செயலாளராக நெடுங்காலம் பணியாற்றியவர். தத்துவப் பேரறிஞர் டெக்கார்ட் அவ்வில்லத்தின் நண்பர். கிறிஸ்டியானுக்கு எட்டு வயது ஆனபோது, 1637-இல், தாயார் சுசன்னா காலமானார். நான்கு ஆண் மக்களையும் ஒரு பெண் மகவையும் வளர்க்கும் கடமை தந்தையார் மீது விழுந்தது. அரசியற் பணிகளுக்கிடையேயும் அவர் தம் மக்களின் கல்வியைப் பிறர் கையில் முற்றிலும் ஒப்படைத்துவிடவில்லை. இலத்தீன், இசை, எண் கணக்கு, தருக்கம் ஆகியவற்றை அவர்கள் எவ்வாறு பயில வேண்டும் என்று தாமே திட்டம் வகுத்தார்.

கிறிஸ்டியான் பாடங்களில் தேர்ந்தவராயினும், அவர் மனம் சென்றது கருவிகள் மீதே. சிறு இயந்திரங்களையும் மாதிரி ஆலைகளையும் தம் கையாலேயே செய்து பார்ப்பார். கை வேலையையும் கணக்கு வேலையையும் வேறுபடுத்திக் காணாத இந்த இயல்பு அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை. பதினேழாம் வயதில், இரு முனைகளிலும் கட்டித் தொங்கவிட்ட சங்கிலி எவ்வடிவம் கொள்ளும் என்னும் கேள்வியை எடுத்துக்கொண்டார். அது பரவளைவு அன்று என்று காட்டினார். கலிலியோவின் கருத்துக்கு மாறான முடிவு அது. பாரிஸ் நகரத்துப் பாதிரியார் மெர்சென் அச்செய்தியை அறிந்து வியந்து, அவ்விளைஞரைப் பண்டைக் கிரேக்கத்து ஆர்க்கிமிடீஸுடன் ஒப்பிட்டார். அதன் பின்னர்த் தந்தையாரும் மகனை அப்பெயராலேயே செல்லமாக அழைக்கலானார்.

1645-இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சட்டமும், வான் ஸ்கூட்டன் என்னும் ஆசிரியரிடம் கணிதமும் பயின்றார். பின்னர் 1647-இல் பிரேடா நகரத்துக் கல்லூரிக்குச் சென்றார். மகனும் தம்மைப் போல் அரச தூதுப் பணியில் அமர வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். ஆனால் காலம் வேறு வழி காட்டிற்று. 1650-இல் இளவரசர் இரண்டாம் வில்லியம் இறந்ததும் ஆரஞ்சு வமிசத்தின் அதிகாரம் ஓய்ந்தது. அதனுடன் ஹைகன்ஸ் குடும்பத்தாரின் அரசாங்கச் செல்வாக்கும் குன்றியது. வேலை வாய்ப்பு மறைந்தது இளைஞர் பலருக்குத் துன்பமாய் முடியும். தந்தையார் அளித்த பொருளுதவியோ இவ்விளைஞரைக் கவலையின்றி ஆராய்ச்சியில் இருத்தியது. ஒரு குடும்பத்தின் அரசியல் தாழ்வு உலகின் அறிவுக்கு ஆக்கமாயிற்று.

சனியின் வளையம்

கிறிஸ்டியானும் தமையனார் கான்ஸ்டன்டைனும் சேர்ந்து கண்ணாடி வில்லைகளைத் தாமே தேய்த்துத் தொலைநோக்கி அமைத்தனர். அக்கருவி கொண்டு 1655 மார்ச்சு 25-ஆம் நாள் சனிக்கோளை நோக்கியபோது, அதனருகே ஒரு சிறு ஒளிப்புள்ளி தென்பட்டது. தொடர்ந்து பல இரவுகள் கவனித்து, அது சனியைச் சுமார் 16 நாட்களில் சுற்றிவரும் துணைக்கோள் என்று கண்டார். இன்று அதற்கு டைட்டன் என்று பெயர்.

சனிக்கோளின் உருவமே அந்நாள் வரை பெரும்புதிராக இருந்தது. 1610-இல் கலிலியோ நோக்கியபோது இருபுறமும் இரு காதுகள் போன்ற உருண்டைகள் தெரிந்தன. இரண்டு ஆண்டுகளில் அவை மறைந்தன. பின்னர் மீண்டும் தோன்றின. இதனைத் தீர்த்தவர் ஹைகன்ஸ். சனியைச் சுற்றி, அதனை எங்கும் தொடாமல், மெல்லிய தட்டையான வளையம் ஒன்று சாய்வாக நிற்கிறது என்றும், அதன் விளிம்பு நம் கண்ணுக்கு நேரே வரும் காலத்தில் அது புலப்படாது போகிறது என்றும் 1659-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே இம்முடிவை எழுத்துக்களை இடம் மாற்றிய புதிர் வடிவில் அச்சிட்டிருந்தார். கண்டுபிடிப்பைப் பிறர் கவர்ந்துகொள்ளாது காக்க அக்காலத்து அறிஞர் கையாண்ட வழி அதுவே.

ஊசல் கடிகாரம்

ஆடும் ஊசல் ஏறத்தாழ ஒரே கால அளவில் ஆடுகிறது என்பதைக் கலிலியோ உணர்ந்திருந்தார். அதனைக் கடிகாரத்துடன் இணைக்கவும் தம் முதுமையில் எண்ணினார். எனினும் முழுமையாக இயங்கும் கடிகாரத்தை உருவாக்கி நாட்டில் பரவச் செய்தவர் ஹைகன்ஸே. 1656-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் அவர் முதல் மாதிரியை அமைத்தார். மறு ஆண்டில் ஹேக் நகரத்துக் கடிகாரக் கைவினைஞர் காஸ்டர் என்பார் அதனைச் செய்து விற்கும் உரிமை பெற்றார்.

ஆனால் ஹைகன்ஸ் அதனோடு நிறைவு கொள்ளவில்லை. ஊசல் அகலமாக ஆடும்போது ஆகும் நேரம், குறுகலாக ஆடும்போது ஆவதைவிடச் சிறிது கூடுதல் என்பதை அவர் அறிவார். சிறிது என்று விட்டுவிடுவது அவர் இயல்பு அன்று. எந்த வளைவில் ஆடினால் அகலமும் குறுகலும் ஒரே நேரம் கொள்ளும் என்று ஆராய்ந்து, உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி வரையும் கோடே அவ்வளைவு என்று 1659 டிசம்பரில் கண்டார். பூமியின் ஈர்ப்பால் விழும் பொருள் முதல் விநாடியில் எவ்வளவு தொலைவு விழும் என்பதையும் ஊசலின் துணையால் அளந்தார். அவர் கண்ட அளவை இன்றைய கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 4.9 மீட்டர். இன்றைய கருவிகள் கூறும் அளவும் அதுவே.

வட்டத்தின் கணக்கு

அதே 1659-ஆம் ஆண்டில்தான் ஹைகன்ஸ் வட்ட இயக்கத்தின் கணக்கையும் தீர்த்தார். அவர் கைக்கொண்ட வழி எளிமையும் அழகும் வாய்ந்தது.

மிகப் பெரிய சக்கரம் ஒன்று கிடையாகச் சுழல்கிறது என்று கொள்வோம். அதன் விளிம்பில் ஒரு மனிதன் தன்னை இறுகப் பிணைத்துக்கொண்டு நிற்கிறான். அவன் கையில் ஒரு நூல். நூலின் முனையில் ஓர் ஈயக் குண்டு. குண்டு நூலை வெளிப்புறமாக இழுப்பதை அவன் உணர்கிறான். நூலை விட்டுவிட்டால் குண்டு யாது செய்யும்? அந்தக் கணத்தில் தான் சென்றுகொண்டிருந்த திசையிலேயே, வட்டத்தைத் தொட்டுச் செல்லும் நேர்கோட்டில் ஓடும். மனிதனோ வட்டத்தில் வளைந்து சென்றுவிடுகிறான். ஆகவே அவன் கண்ணுக்குக் குண்டு தன்னைவிட்டு வெளியே விலகுவது போல் தோன்றும்.

எவ்வளவு விலகும்? இங்கேதான் ஹைகன்ஸின் மேதை வெளிப்பட்டது. மிகச் சிறு காலத்தில், நேர்கோட்டிற்கும் வட்டத்திற்கும் உள்ள இடைவெளி காலத்தின் வர்க்கத்தைப் போல் வளர்கிறது. ஒரு பங்கு காலத்தில் ஒரு பங்கு. இரு பங்கு காலத்தில் நான்கு பங்கு. மூன்று பங்கு காலத்தில் ஒன்பது பங்கு. மேலிருந்து விழும் கல் தன் பாதையைக் கடக்கும் விதி பற்றிக் கலிலியோ கூறியதும் இதுவே அன்றோ? ஆகவே சுழலும் குண்டு நூலை இழுப்பதும், தொங்கும் குண்டு தன் எடையால் நூலை இழுப்பதும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஒன்றை மற்றொன்றால் அளக்கலாம் என்று முடிவு செய்தார்.

இதிலிருந்து வந்த விதி இது. வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, வட்டத்தின் ஆரத்தால் வகுத்தால் வருவதே அப்பொருளின் முடுக்கம். வட்டம் ஒன்றாக இருக்க வேகம் இரட்டித்தால் முடுக்கம் நான்கு மடங்காகும். வேகம் ஒன்றாக இருக்க ஆரம் இரட்டித்தால் முடுக்கம் பாதியாகும். சுற்றும் காலம் ஒன்றாக இருக்க ஆரம் இரட்டித்தால் முடுக்கமும் இரட்டிக்கும்.

வேகம் மாறாதபோது முடுக்கம் எங்கிருந்து வந்தது என்று அன்பர்கள் வினவலாம். வேகத்தின் அளவு மாறவில்லை. அதன் திசை கணந்தோறும் மாறுகிறது. திசையை மாற்றுவதற்கும் ஒரு விசை வேண்டும். அவ்விசை எப்போதும் மையத்தை நோக்கியே நிற்கும். ஹைகன்ஸ் இதனை வெளியே விலக முயலும் நாட்டமாகக் கண்டு, மையவிலக்கு விசை எனப் பெயரிட்டார். பின்னர் வந்த நியூட்டன் அதே அளவை உள்நோக்கிப் பார்த்து, ஹைகன்ஸ் இட்ட பெயரை ஒட்டியே மையநோக்கு விசை எனப் பெயரிட்டார். நூலைப் பிடித்தவனுக்குக் குண்டு இழுப்பது தெரிகிறது. குண்டுக்கு நூல் இழுப்பது தெரிகிறது. அளவு ஒன்றே.

நம் ரயில் பாதையில் இவ்விதி நாள்தோறும் வேலை செய்கிறது. 800 மீட்டர் ஆரமுள்ள வளைவில் ஒரு வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அது விநாடிக்கு 10 மீட்டர். பத்தைப் பத்தால் பெருக்கி 800-ஆல் வகுத்தால் எட்டில் ஒரு பங்கு. அதே வளைவில் 72 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் அது அரையாகிறது. அதாவது, வேகம் இரட்டித்தது. வேண்டப்படும் மையநோக்கு முடுக்கம் நான்கு மடங்காயிற்று. இதற்காகவே வளைவுகளில் வெளிப்புறத் தண்டவாளத்தை உட்புறத்தைவிட உயர்த்தி அமைக்கின்றனர். வண்டி உட்பக்கம் சாய, அதன் எடையில் ஒரு பகுதி மையத்தை நோக்கித் திரும்பிச் சக்கர விளிம்பின் சுமையைக் குறைக்கிறது. அகலப் பாதையில் மேற்சொன்ன 72 கிலோமீட்டர் வேகத்திற்கு முழுமையாக ஈடு செய்ய வேண்டுமாயின், உயர்வு சுமார் 9 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். விரைவு வண்டிக்கு ஏற்ற உயர்வு, மெல்லச் செல்லும் சரக்கு வண்டிக்கு மிகை. ஆதலின் பொறியாளர் இரண்டிற்கும் நடுவே ஓர் அளவைத் தேர்ந்து, அதற்கு ஏற்ப வேகத்திற்கு வரம்பு கட்டுகின்றனர். வளைவில் வேக வரம்பைக் காட்டி நிற்கும் பலகை ஒவ்வொன்றின் பின்னாலும் ஹைகன்ஸின் கணக்கு இருக்கிறது.

பாரிஸ் வாழ்க்கை

1663-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1666-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பெர், பாரிஸில் அறிவியற் கழகம் ஒன்றை நிறுவினார். அதற்கு அயல்நாட்டவரான ஹைகன்ஸை அழைத்து, மன்னரின் நூலகத்திலேயே வாழ இடமும், உயர்ந்த ஊதியமும் அளித்தார். அங்குதான் 1672-இல் பாரிஸுக்கு வந்த ஜெர்மானிய இளைஞர் லைப்னிட்ஸ் அவரிடம் கணிதம் கற்றார். நுண்கணிதத்தைக் கண்டவருள் ஒருவராகப் பின்னாளில் விளங்கியவர் அவரே.

சிறப்புகள் பல இருந்தும் பாரிஸ் வாழ்வு அவருக்கு இனிதாக மட்டும் அமைந்துவிடவில்லை. உடல் நலிவு அடிக்கடி தாக்கிற்று. 1670-இல் நோய் முற்றி, உயிர் பிழைப்பது அரிது என்று அவரே கருதும் நிலை ஏற்பட்டது. அப்போது அவர் வீட்டையும் பொருளையும் பற்றிக் கவலை கொள்ளவில்லை. ஆங்கிலத் தூதரகத்தைச் சேர்ந்த வெர்னன் என்பாரை அருகே அழைத்து, இயக்கம் பற்றிய தம் கையெழுத்துத் தாள்களை ஒப்படைத்து, லண்டன் ராயல் சொசைட்டியில் சேர்க்குமாறு வேண்டினார். மன்னரின் தயவைச் சார்ந்து நிற்கும் கழகம் அத்தயவு குன்றினால் தளர்ந்துவிடும் என்னும் ஐயம் அவர் உள்ளத்தில் இருந்தது. ஹேக் நகரம் சென்று ஓய்வு பெற்று, உடல் தேறி, மீண்டும் பாரிஸ் வந்தார்.

அதன் பின்னர் வந்தது பெருஞ்சோதனை. 1672-இல் லூயி மன்னரின் படைகள் ஹாலந்து நாட்டின் மீது பாய்ந்தன. பகைவரைத் தடுக்க, ஹாலந்து மக்கள் தம் வயல்களைத் தாமே நீரில் மூழ்கடித்தனர். நாட்டின் தலைவராயிருந்தவரும், தாமே ஒரு கணித அறிஞருமான யான் டி விட், அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ஹேக் நகரத்திலேயே வெறி கொண்ட கூட்டத்தாரால் தமையனாருடன் கொல்லப்பட்டார். ஆரஞ்சு வமிசத்து மூன்றாம் வில்லியம் தலைமை ஏற்றார். அவருடைய செயலாளராக அமர்ந்தவர் ஹைகன்ஸின் தமையனார் கான்ஸ்டன்டைன். தமையன் பாசறையில், தந்தை பகை சூழ்ந்த தாய்நாட்டில், தாமோ தம் நாட்டை அழிக்க வந்த மன்னரின் ஊதியத்தில்! அந்நாட்களில் அவர் உள்ளம் பட்ட பாட்டை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஹைகன்ஸ் பாரிஸை விட்டு நீங்கவில்லை. 1673-இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஊசல் கடிகாரம் பற்றிய தம் தலைசிறந்த நூலை வெளியிட்டார். அதனை லூயி மன்னருக்கே காணிக்கையாக்கினார். அது கண்டு வருந்தினோர் அவர் நாட்டில் இருந்திருப்பர். அவ்வருத்தத்தில் நியாயமும் உண்டு. ஆயினும் அந்நூல் எந்தப் படைக்கும் கருவி ஆகவில்லை. எல்லா நாட்டுக் கப்பலுக்கும் எல்லா நாட்டுக் கூடத்துக்கும் நேரம் காட்ட வந்தது. புகலளித்தவரிடம் நன்றியும் பிறந்த நாட்டிடம் அன்பும் ஒருவர் உள்ளத்தில் மோதும்போது, வெளியே நிற்பவர் தீர்ப்புக் கூறுவது எளிது. உள்ளே நிற்பவர் ஒரு நாளைக் கழிப்பதும் அரிது.

அந்நூலின் இறுதியில் வட்ட இயக்கம் பற்றிய 13 விதிகளை அவர் வரிசையாக எழுதினார். நிரூபணங்களை மட்டும் எழுதவில்லை. 1659-இல் எழுதிய நிரூபணங்கள் அவருடைய பெட்டியிலேயே தங்கி, அவர் மறைந்து எட்டு ஆண்டுகள் கழித்து 1703-இலேயே அச்சேறின. இதற்கிடையில் இங்கிலாந்தில் நியூட்டன், எவரிடமும் கேளாமல், இதே விதியைத் தம் இளமையிலேயே வேறு வழியிற் கண்டிருந்தார். எனினும் வெளியிட்டவர் ஹைகன்ஸே. நியூட்டனும் தம் பெருநூலில் ஹைகன்ஸின் பெயரைக் குறித்து, அவருக்குரிய பெருமையை அளித்தார்.

அவ்விதியால் விளைந்த பயன் பெரிது. சூரியனிலிருந்து நான்கு மடங்கு தொலைவிலுள்ள கோள் ஒரு சுற்றுக்கு எட்டு மடங்கு காலம் எடுக்கும் என்பது கெப்ளர் கண்ட முறை. ஆரம் நான்கு மடங்கு. காலத்தின் வர்க்கம் அறுபத்துநான்கு மடங்கு. நான்கை அறுபத்துநான்கால் வகுத்தால் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே தொலைவு நான்கு மடங்கானால் சூரியனின் இழுப்பு பதினாறில் ஒன்றாகிறது. உலகையெல்லாம் பிணைக்கும் ஈர்ப்பு விதியின் வாயில் இதுவே. அவ்வாயிலின் சாவியைச் செய்தவர் ஹைகன்ஸ். திறந்து உட்புகுந்தவர் நியூட்டன். வெற்றிடத்தின் ஊடே ஒரு பொருள் மற்றொன்றை இழுக்கும் என்பதை ஹைகன்ஸின் உள்ளம் ஏற்க மறுத்ததே அவர் வாயிலிலேயே நின்றுவிட்டதற்குக் காரணம் எனலாம்.

சுழலும் பூமி

1681-இல் நோயின் கொடுமையால் மீண்டும் ஹேக் நகரம் திரும்பினார். உடல் தேறியதும் பாரிஸ் செல்ல எண்ணினார். ஆனால் 1683-இல் ஆதரவாளர் கோல்பெர் இறந்தார். 1685-இல் பிராட்டஸ்டண்டு மதத்தினருக்குப் பிரான்சு நாட்டில் இருந்த உரிமைகளை லூயி மன்னர் பறித்தார். கழகம் அவரை மீண்டும் அழைக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் தம் அறிவால் அணி செய்த நகரத்தின் கதவு அவருக்கு மூடிற்று.

மனம் தளராது அவர் பழைய வேலையைத் தொடர்ந்தார். நடுக்கடலில் கப்பல் எந்தத் தீர்க்க ரேகையில் நிற்கிறது என்று அறியத் துல்லியமான கடிகாரம் வேண்டும். நான்கு நிமிடப் பிழை ஒரு பாகைப் பிழை. 1686-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் அவருடைய கடிகாரங்கள் நன்னம்பிக்கை முனைக்குச் சென்று, மறு ஆண்டு திரும்பின. ஏட்டைப் புரட்டியபோது கடிகாரங்கள் காட்டிய வழி மெய்யான வழியோடு பொருந்தவில்லை. அவற்றின்படி கப்பல் அயர்லாந்து, ஸ்காட்லாந்து நிலங்களின் மீதே ஊர்ந்து வந்திருக்க வேண்டும்!

மற்றொருவராயின் கடிகாரத்தைப் பழித்திருப்பர். ஹைகன்ஸோ 28 ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதிய வட்டக் கணக்கை எடுத்தார். பூமியே ஒரு பெருஞ்சக்கரம். நிலநடுக்கோட்டில் நிற்பவன் அதன் விளிம்பில் நிற்பவன். அங்கே அவன் எடையில் 289-இல் ஒரு பங்கு சுழற்சியால் குறையும் என்று கணக்கிட்டார். எடை குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும். துருவத்தில் சரியாக ஓடும் கடிகாரம் நடுக்கோட்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கும். 1672-இல் ரிஷே என்னும் பிரெஞ்சு வானியலார் நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேன் தீவில் ஊசல் பின்தங்குவதைக் கண்டு உரைத்திருந்ததும் அவர் நினைவில் இருந்தது. இத்திருத்தத்தைச் சேர்த்துக் கணக்கிட்டதும் கப்பலின் வழி நிலத்தை விட்டுக் கடலுக்குத் திரும்பி, மெய் வழியோடு நன்கு பொருந்திற்று.

289 என்பது 17-இன் வர்க்கம். ஆகவே பூமி இப்போதையினும் 17 மடங்கு விரைந்து சுழன்றால் நடுக்கோட்டில் உள்ள பொருள்களுக்கு எடையே இராது என்பதும் அவர் கணக்கு. அதாவது சுமார் 1 மணி 25 நிமிடத்துக்கு ஒரு சுற்று. இன்று பூமிக்கு அணித்தாகப் பறக்கும் செயற்கைத் துணைக்கோள்கள் ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு ஒருமுறை சுற்றிவருவதை நோக்கினால், அக்கணக்கின் மெய்மை விளங்கும். ஆயினும் பூமியின் உருவம், அதன் உட்பொருளின் ஈர்ப்பு ஆகியவற்றால் எடையின் வேறுபாடு அவர் கூறியதைவிடச் சற்றுக் கூடுதல் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. அக்குறை அவர் பெருமையைக் குறைக்காது.

இறுதிக் காலம்

1687-இல் தந்தையார் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். ஹேக் நகருக்கு அருகே வோர்பர்க் என்னும் ஊரில் தந்தையார் கட்டிய ஹாஃப்விக் என்னும் தோட்ட இல்லத்தில் ஹைகன்ஸ் தனித்து வாழலானார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 1689-இல் இங்கிலாந்து சென்று நியூட்டனைச் சந்தித்தார். கொள்கையால் வேறுபட்ட அவ்விருவரும் ஒருவரையொருவர் பெரிதும் மதித்தனர். 1690-இல் ஒளி அலையாகப் பரவுகிறது என்னும் தம் கொள்கையை நூலாக வெளியிட்டார். அக்கொள்கைக்கு உரிய இடம் கிடைக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

1695-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள், 66-ஆம் வயதில், ஹேக் நகரில் அவர் உயிர் நீத்தார். அந்நகரத்துப் பெரிய தேவாலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. மற்றக் கோள்களிலும் உயிர்கள் வாழக்கூடுமோ என்று ஆராயும் அவரது இறுதி நூல் 1698-இல் வெளிவந்தது. அவருடைய எழுத்துக்களும் கடிதங்களும் 1888 முதல் 1950 வரை 22 பெருந்தொகுதிகளாகப் பதிப்பிக்கப்பட்டன. 2005 ஜனவரி 14-ஆம் நாள், ஹைகன்ஸ் என்னும் பெயர் தாங்கிய ஆய்வுக் கலம், 350 ஆண்டுகளுக்கு முன் அவர் கண்ட அதே டைட்டன் மீது இறங்கி அதன் நிலத்தைப் படம் பிடித்து அனுப்பியது.

ஹாஃப்விக் இல்லம் இன்று ஓர் அருங்காட்சியகம். தோட்டத்தின் ஒரு பகுதியை ரயில் பாதை கொண்டுவிட்டது. வோர்பர்க் நிலையம் அவ்வில்லத்தின் அருகிலேயே இருக்கிறது. காலத்தை அளந்தவரின் வாயிலருகே வண்டிகள் இன்று நேரப்படி வந்து நின்று செல்கின்றன.

அன்பர்களே! பிழைப்பைத் தேடிப் பிறந்த மண்ணைவிட்டு வந்து, பிற மொழி வழங்கும் நகரில் நாம் வாழ்கிறோம். ஹைகன்ஸும் வேற்று நாட்டு ஊதியத்தில் தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைக் கழித்தவர். நம் நிலை அவருடையது போல் கொடிதன்று. நாம் இருப்பதும் நம் நாடே. ஆயினும் அவர் வாழ்வில் நாம் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. அழைத்தவர் இறந்தனர், அரசர் மாறினர், போர் வந்தது, நோய் வந்தது, கதவு அடைபட்டது. எது வந்தபோதும் எடுத்த வேலையில் சிறு பிழையையும் பொறுக்காத அந்தக் கண்டிப்பை மட்டும் அவர் கைவிடவில்லை. இளமையில் செய்து பெட்டியில் வைத்த கணக்கு முதுமையில் ஒரு கப்பலின் வழியைத் திருத்தியது. நம் பிள்ளைகள் பள்ளியில் வட்ட இயக்கத்தின் விதியை மனப்பாடம் செய்யும்போது, அவ்விதிக்குப் பின்னால் இத்தகைய ஒருவர் வாழ்ந்தார் என்பதையும் நாம் அவர்களுக்குச் சொல்லி வைப்போமாக.